திரையில் செத்தவரும் தெருவில் வாழ்ந்தவரும்: வட சென்னை நாட்குறிப்பு

வியாழன், இராயபுரம்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் கும்பல் ஒன்றைப் பற்றிய 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் பில்லி கிம்பர் 1919ஆம் ஆண்டு நடுத்தெருவில் சுடப்பட்டுச் சாகிறார். அதே பெயரில் உண்மையாகவே ஒருவர் பர்மிங்ஹாமில் இருந்தார். குதிரைப் பந்தய மைதானங்களில் மிரட்டிப் பணம் பறித்த கும்பலின் தலைவர். அவர் 1945இல் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் நோய்ப்படுக்கையில் கண்மூடினார். தொடர் அவருடைய வாழ்நாளில் இருபத்தாறு ஆண்டுகளை வெட்டி எறிந்துவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு இன்று காலை வந்து சேர்ந்தேன். இந்தப் பகுதியின் தெருக்களை வைத்து எத்தனையோ கும்பல் கதைகள் படங்களாகவும் தொடர்களாகவும் வந்துவிட்டன. எங்கள் ஊரில் வட சென்னை என்று சொன்னால் அரிவாளோடு ஓடும் ஒருவன்தான் பலருடைய கண்முன் நிற்கிறான். அந்தக் கதைகளில் எது நடந்தது, எதைக் கட்டிச் சேர்த்தார்கள் என்பதை அந்தந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

துணைக்குப் பெரியம்மாவின் பேரன் வருகிறான். கல்லூரியில் படிக்கிறான். பர்மிங்ஹாம் கும்பலின் ஆறு பருவங்களும் அவனுக்கு மனப்பாடம். காசிமேடு, வியாசர்பாடி பற்றிய திரைக்கதைகளும் அப்படியே. அவன் இரண்டையும் வரலாறாகவே சொல்கிறான். "மாமா, அவர்கள் தொப்பி விளிம்பில் சவர பிளேடைத் தைத்து வைத்துக்கொண்டு கண்ணில் வெட்டுவார்கள்" என்றான். இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு நடுவே நின்று அந்த பிளேடைப் பற்றித்தான் முதலில் பேசினோம்.

பீக்கி பிளைண்டர்ஸ் என்ற அந்தக் கும்பலின் பெயர் பர்மிங்ஹாம் செய்தித்தாள்களில் வரத் தொடங்கியது 1890இல். அடர்லி தெருவில் ஒரு மதுக்கடையில் இஞ்சி பானம் கேட்ட ஓர் ஆளைத் துரத்தித் துரத்தி அடித்த வழக்கு அது. கழற்றி எறியும் சவர பிளேடு அமெரிக்காவிலேயே 1903இல்தான் விற்பனைக்கு வந்தது. வந்த புதிதில் வசதியானவர்கள்தான் அதை வாங்க முடிந்தது. மிதிவண்டி திருடிப் பிடிபட்ட இளைஞர்கள் தொப்பிக்குத் தொப்பி அதைத் தைத்து வைத்திருந்தார்கள் என்பது நம்பும்படி இல்லை. அவர்கள் உண்மையில் கையில் எடுத்தவை பித்தளைக் கொக்கி போட்ட இடுப்பு பெல்ட்டும், பூட்ஸ் காலும், கல்லும்.

பேரன் முகம் சுருங்கியது. அவனுக்குப் பிடித்த காட்சி அது. ஆனால் எனக்கு இது தேவையான தொடக்கமாகப் பட்டது. ஒரு கதையில் வரும் பொருளுக்கு வயது உண்டு. அது எந்த ஆண்டு கடைக்கு வந்தது, யார் கைக்கு எட்டியது, விலை என்ன என்று கேட்டாலே பாதிப் புனைவு கழன்று விழுந்துவிடும்.

நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் போனது. நாட்டில் இன்றும் எழுந்து நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான் என்கிறார்கள். செங்காவி நிறமும் வெள்ளைத் தூண்களுமாக அழகாகவே இருக்கிறது. நாங்கள் போன நேரத்தில் நடைமேடையில் பத்துப் பேர்கூட இல்லை. இங்கே படம் எடுப்பவர்கள் எவரும் இந்த ஆண்டைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளி, மதிலும் சிறையும்

காலையில் பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் மாடிப் பூங்காவுக்குப் போனோம். பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியும் தந்த பயத்தில் கும்பெனிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கட்டிய மதிலில் எஞ்சிய துண்டு இது. மதில் செலவை ஊராரிடம் வரியாக வசூலிக்க நினைத்ததன் தடயம் வால்டாக்ஸ் சாலையின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மதிலின் மேல் ஒரு முதியவர் நாளிதழை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அங்கே. கும்பல் கதைக்கும் மதிலுக்கும் தொடர்பில்லை என்று தாண்டிப் போனோம்.

மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய மத்தியச் சிறைதான் எங்கள் குறி. அங்கே சிறை இல்லை. 1837இல் கட்டிய அந்தச் சிறையிலிருந்து 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் கட்டடத்தை இடித்தார்கள். இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. பேரன் அந்தச் சிறையின் உட்புறத்தை எனக்கு விளக்கினான்: எந்தப் பக்கம் கேரம் பலகை, எந்தப் பக்கம் கழிவறை, கூடாரம் எங்கே அடித்திருந்தார்கள் என்பதுவரை. சிறையை இடித்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் சொன்ன வரைபடம் முழுவதும் படப்பிடிப்புக்கு அரங்கு அமைத்தவர் கட்டியது. நான் அதைச் சொன்னபோது, "அப்படியானால் உண்மையான சிறை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் மாமா" என்றான். நியாயமான கேள்வி.

அதே சிறையில் 1999 நவம்பரில் ஒரு கைதியின் மரணத்தைத் தொடர்ந்து பெரும் கலவரம் வெடித்தது. துணைச் சிறை அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் இறந்தார்கள். இது நடந்த உண்மை, எல்லா நாளிதழ்களிலும் வந்தது. இறந்த அலுவலருக்கும் குடும்பம் உண்டு, கைதிகளுக்கும் குடும்பம் உண்டு. அவர்கள் இதே நகரத்தில் வாழ்கிறார்கள். திரையில் ஒரு சிறைக் கலவரத்தைப் பின்னணி இசையோடு பார்க்கும்போது இது எனக்கு உறைப்பதே இல்லை. இன்று அந்தச் சுற்றுச்சுவர் இருந்த இடத்தில், மருத்துவ மாணவர்கள் வெள்ளை அங்கியோடு தேநீர் குடிக்கும் இடத்தில், நன்றாகவே உறைத்தது.

பேரனின் கேள்விக்குத் திரும்புகிறேன். பர்மிங்ஹாமில் இதுபோன்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. அங்கே போலீஸ் அருங்காட்சியகத்தில் 1904ஆம் ஆண்டு எடுத்த கைதிகளின் படங்கள் இருக்கின்றன. 19 வயதுப் பையன் மிதிவண்டி திருடியதற்காக. இன்னொருவன் கடை உடைத்ததற்காக. கூடவே மக்கள்தொகைக் கணக்குத் தாள்களும் நீதிமன்றக் குறிப்புகளும் செய்தித்தாள் கட்டுகளும் நூறு ஆண்டு கடந்து யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. கார்ல் சின் என்ற வரலாற்றாசிரியர் அவற்றில் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய கொள்ளுத் தாத்தாவே அந்தக் கும்பலில் ஒருவர். தன் குடும்பத்து ஆளை வீரனாக்க அவர் மறுத்துவிட்டார். அந்தக் கொள்ளுத் தாத்தா திருடியதையும் மனைவியை அடித்ததையும் எழுதினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இங்கே என்ன இருக்கிறது? போலீஸ் ஏடு இருக்கிறது. அதை மட்டும் நம்பவும் எனக்கு மனம் வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1911 முதல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை முழு வேகத்தில் செயல்படுத்தினார்கள். ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆயிரக்கணக்கானோர் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆனது. 1982இல் வந்த குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கலாம். சரித்திரப் பதிவேடு குற்றவாளி என்று ஒருவர் பெயர் ஏறிவிட்டால், அவர் திருந்திக் கடை வைத்த பிறகும் ஒவ்வொரு பண்டிகைக்கு முன்னும் காவலர் கதவைத் தட்டுவார். ஏட்டில் இருப்பது காவல் நிலையம் பார்க்க விரும்பிய பக்கம். திரையில் இருப்பது டிக்கெட் வாங்கியவர் பார்க்க விரும்பிய பக்கம். வட சென்னையில் இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்றை நாம் யாரும் சேர்த்து வைக்கவில்லை. ஆகவே இங்கே திரைக்கதை வரலாற்றோடு மோதவில்லை. காலியாகக் கிடந்த வரலாற்றின் நாற்காலியில் ஏறி அமர்ந்துவிட்டது.

சனி, பெரம்பூர், புளியந்தோப்பு

மூன்றாவது ஒன்று இல்லை என்று நேற்று எழுதினேன். ஒரு விஷயத்தில் மட்டும் அது குவிந்து கிடக்கிறது. அந்த விஷயத்தைத்தான் யாரும் தொடவில்லை.

பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை. இரண்டையும் சேர்த்து பின்னி மில் என்று இந்தப் பகுதியே அழைத்தது. இங்கே தொழிலாளர்கள் பட்ட பாட்டிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும் அடித்தளம் போட, பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணை நின்றார். மூன்றே ஆண்டில், 1921இல், பெரும் வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நீண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

ஆனால் அந்த வேலைநிறுத்தத்தை வெறும் முதலாளி, தொழிலாளி சண்டையாகச் சொன்னால் அதுவும் புனைவாகிவிடும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் ஆலைக்குப் போனார்கள். வறுமை ஒரு காரணம். சங்கத்தில் தங்களுக்கு என்ன இடம் என்ற ஐயம் இன்னொரு காரணம். நிர்வாகமும் அந்த விரிசலைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. பதிலுக்குத் தாக்குதல். தெருவுக்குத் தெரு காவல். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா தம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். நீதிக்கட்சித் தலைவர்களோ அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததே கலவரத்துக்குக் காரணம் என்றார்கள். இத்தனையும் அரசாணைகளிலும் சட்டமன்றப் பேச்சுகளிலும் அன்றைய நாளிதழ்களிலும் தேதியோடு இருக்கிறது. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளிலும் அந்த நாட்களை எழுதியிருக்கிறார்.

தெருச் சண்டை வேண்டுமா, இதில் இருக்கிறது. துரோகம் வேண்டுமா, இருக்கிறது. பசி, தீ, துப்பாக்கி, சவ ஊர்வலம் எல்லாமே இருக்கின்றன. இதை நீளமாக எடுத்த ஒரு தொடரை நான் பார்த்ததில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. இதை எடுத்தால் ஒரு தனி நாயகன் கிடைக்கமாட்டான். யார் பக்கம் கைதட்டுவது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சாதியைப் பெயர் சொல்லிப் பேச வேண்டியிருக்கும். கும்பல் கதையில் அந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அண்ணன் ஒருவன், அவனைக் கொன்றவன் ஒருவன், பழி வாங்குபவன் ஒருவன் இருந்தால் போதும்.

பர்மிங்ஹாம் தொடரும் இதில் தப்பவில்லை. ஜெசி ஈடன் என்ற பெண் உண்மையில் வாழ்ந்தவர். லூகாஸ் தொழிற்சாலையில் 1931இல் சுமார் 10,000 பெண்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துவந்தவர், பொதுவுடைமைக் கட்சிக்காரர். தொடரில் அவரைக் கும்பல் தலைவனின் காதலியாக்கிவிட்டார்கள். அந்தத் தலைவனும் அவன் குடும்பமும் முழுக்கக் கற்பனை. கற்பனையான ஒரு மனிதனோடு உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணைச் சேர்த்துவைத்து, அவர் செய்த பெரிய காரியத்தைப் பின்திரையாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரனுக்கு அவர் பெயர் தெரியும். அவர் உண்மையான பெண் என்பது இன்றுதான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் தேடிப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

ஆலை 1996இல் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. மூடிய பிறகு பல ஆண்டுகள் அந்தக் கிடங்குகளைச் சினிமா படப்பிடிப்புக்கு விட்டார்கள். தமிழில் பார்த்த எத்தனையோ சண்டைக் காட்சிகளில் வில்லனின் மறைவிடமாக வரும் உயரமான செங்கல் கூடமும் உடைந்த கண்ணாடிச் சன்னல்களும் பின்னி மில்தான். தொழிலாளர்கள் உரிமை கேட்ட கூடத்தில் நடிகர்கள் ரவுடிகளாக ஓடினார்கள். வாயிற்பக்கம் தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னார்: "என் அப்பா முப்பது வருஷம் உள்ளே தறி ஓட்டினார். நான் உள்ளே போனது ஒரே ஒரு முறை, படப்பிடிப்புக்கு டீ கொடுக்க." அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அங்கிருந்து புளியந்தோப்பு நெடுஞ்சாலை வழியாக நடந்தே வந்தோம். 1921இல் எரிந்த குடிசைகள் எங்கே இருந்தன என்பதைச் சொல்லும் ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஞாயிறு, காசிமேடு

விடிவதற்கு முன்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நகரத்தின் பாதி இங்கேதான் இருந்தது. விசைப்படகுகள் விலாவோடு விலா உரசி நின்றன. வஞ்சிரம், சங்கரா, இறால், கூடை கூடையாக நெத்திலி. ஏலம் போடுபவரின் குரல் முடியும் முன்பே சரக்கு கைமாறிவிடுகிறது. ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பனிக்கட்டியும் டீசலும் மீனும் கலந்த வாடை சட்டையில் ஏறிக்கொண்டது. இத்தனை உழைப்பைத் திரைக்கதைகளில் ஒரு பாட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள்.

பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரு பாட்டியைப் பார்க்க அங்கிருந்து போனோம். பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அவருடைய அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எண்பதுகளில் ஒரு சண்டையில் வெட்டுப்பட்டு இறந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு தொடரில் அவரைப் போலவே ஒருவர் வருகிறார். பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பட்டப்பெயர் அதுவே, கால் ஊனம் அதுவே, சண்டை நடந்த மூலையும் அதுவே. இந்த ஊரில் யார் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

பாட்டி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அண்ணனின் இறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். திருமணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படமும் இருந்தது. மெலிந்த முகம், மீசை அரும்பிய வயது, தொளதொளத்த சட்டை. பிறகு தம் பேரனை அழைத்தார். அந்தப் பையன் தன் கைபேசியைக் காட்டி, "இதுதான் எங்கள் தாத்தா" என்றான். படத்தில் இருந்தவர் அந்தத் தொடரில் நடித்தவர். அகன்ற தோளும் முறுக்கிய மீசையும்.

"தொடரில் அவன் தலைவனுக்காகச் செத்தான்" என்றார் பாட்டி. "வீட்டில் அவன் நானூறு ரூபாய்க் கடனுக்காகச் செத்தான். கொடுத்தவனும் குடித்திருந்தான், வாங்கியவனும் குடித்திருந்தான். எந்தத் தலைவனும் இல்லை. வெட்டியவன் எங்களுக்கு உறவுதான், ஐந்தாறு வீடு தள்ளி இருந்தான். தொடரில் அவனை அப்படியே பேயாகக் காட்டியிருக்கிறார்கள். அவன் பிள்ளைகள் இப்போது எங்கள் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். நாங்களே மறந்திருந்தோம் தம்பி."

இன்னொன்றும் சொன்னார். செத்தவனோடு கடன் போகவில்லை. அண்ணி கூடை எடுத்துத் தெருத் தெருவாக மீன் விற்று மூன்று வருஷத்தில் அந்த நானூறு ரூபாயை வட்டியோடு அடைத்தார். தொடரில் அண்ணி என்று ஒருவரே இல்லை. தாலி அறுக்கும் காட்சிக்கு ஒரு பெண் வருகிறார், அத்தோடு போய்விடுகிறார்.

நான் இதுவரை பார்த்த எல்லாத் திருத்தங்களைவிடவும் இது பெரிது. பர்மிங்ஹாமில் பிளேடு தவறு, ஆண்டு தவறு, கிம்பரின் சாவு தவறு. அந்தத் தவறுகளால் இன்று யாரும் தலையைக் குனிந்து நடக்க வேண்டியதில்லை. உண்மையான கும்பல் 1890களில் ஆடியது, முதல் உலகப் போருக்குள் கரைந்துவிட்டது. தொடர் 2013இல் வந்தது. நடுவில் நூறு ஆண்டுகள் இருக்கின்றன. காசிமேட்டில் அந்த இடைவெளி ஒரு தலைமுறைகூட இல்லை. பாட்டி இருக்கும்வரை அண்ணனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பாட்டிக்குப் பிறகு பேரனின் கைபேசியில் இருக்கும் முகம் மட்டுமே மிஞ்சும்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடனுக்காகக் குடிபோதையில் செத்த தாத்தாவைவிட, தலைவனுக்காக உயிர் கொடுத்த தாத்தாவோடு பள்ளிக்கூடம் போவது அவனுக்கு எளிது. திரை அவனுக்கு ஒரு கௌரவம் கொடுத்திருக்கிறது. ஆனால் அது அவனுடைய பாட்டியின் அண்ணியிடமிருந்து எடுத்துக் கொடுத்த கௌரவம்.

திங்கள், இராயபுரம், வியாசர்பாடி

நடை இன்றோடு முடிகிறது. நாளை காலை ரயில்.

பேரன் என்னை இராயபுரத்தில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்துக்கு அழைத்துப் போனான். தகரக் கூரை, தொங்கும் மணல் மூட்டைகள், சுவரில் பழைய வாத்தியார்களின் மாலை போட்ட படங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று இங்கே வழிவழியாகக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. கூட்டம் டிக்கெட் வாங்கிப் பார்த்த சண்டைகள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியதை இங்கே இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம் அந்தப் பரம்பரையின் உண்மைப் பெயரை எடுத்துக்கொண்டு, கற்பனை வீரர்களை உள்ளே வைத்து, நெருக்கடி நிலைக் காலத்தைச் சுற்றிலும் கட்டியது. கூடத்திலிருந்த வயதான வாத்தியாரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். சில நுணுக்கங்கள் சரியில்லை என்று கையை மடக்கிக் காட்டினார். பிறகு, "ஆனால் அந்தப் படம் வந்த பிறகு இங்கே முப்பது பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள்" என்றார். அதையும் எழுதத்தான் வேண்டும். புனைவு எப்போதும் எடுத்துக்கொண்டு மட்டும் போவதில்லை.

பர்மிங்ஹாம் கும்பல்கள் ஓய்ந்ததிலும் விளையாட்டுக்குப் பங்கு உண்டு. 1899இல் பெல்பாஸ்டிலிருந்து வந்த ராஃப்டர் என்ற காவல் தலைவர் படையைப் பெருக்கிக் கடுமை காட்டினார். கூடவே பள்ளிப் படிப்பும், குத்துச்சண்டை, கால்பந்து மன்றங்களும் பையன்களைத் தெருமுனையிலிருந்து இழுத்துக்கொண்டன. தொடரிலும் பெல்பாஸ்டிலிருந்து ஒரு காவல் அதிகாரி வருகிறார். அவர் ஒற்றராகவும் கொடியவராகவும் வருகிறார், 1919இல் வருகிறார். உண்மையானவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்து கும்பலை அடக்கிவிட்டார். மெதுவாகச் சரியாகும் ஒரு நகரத்தைக் காட்ட எந்தத் தொடருக்கும் பொறுமை இருப்பதில்லை.

வட சென்னையிலும் அந்த மெதுவான கதை நடந்துகொண்டே இருக்கிறது. இராயபுரத்துக் கேரம் பலகையிலிருந்து உலக வெற்றியாளரான மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். திரையில் கேரம் பலகை வந்தால் அடுத்த காட்சியில் யாரையோ குத்தப்போகிறார்கள் என்று நமக்குப் பழக்கப்படுத்திவிட்டார்கள். மாலையில் வியாசர்பாடி மைதானத்தில் வெறுங்காலோடு கால்பந்து ஆடிய பையன்களைப் பார்த்தபடி பேரன் சொன்னான்: "மாமா, வேலைக்கு நேர்காணல் போகும்போது முகவரியில் வியாசர்பாடி என்று போட வேண்டாம் என்று என் நண்பனுக்கு அவனுடைய அண்ணனே சொல்லியிருக்கிறான்." இது எத்தனை படங்களின் கூட்டுத்தொகை என்று யார் கணக்குப் போடுவது?

கற்பனையே கூடாது என்பது என் பேச்சில்லை. அமெரிக்காவில் அட்லான்டிக் சிட்டியை ஆட்டிவைத்த நக்கி ஜான்சனை வைத்து 'போர்டுவாக் எம்பயர்' தொடர் எடுத்தார்கள். நாயகனுக்கு நக்கி தாம்ப்சன் என்று பெயர் வைத்தார்கள். ஜான்சன் 1968இல் முதுமையில் இறந்தார், தாம்ப்சன் 1931இல் சுடப்பட்டுச் சாகிறார். பெயரை மாற்றியதால் கதைக்கு விடுதலை கிடைத்தது. பார்ப்பவருக்கும் இது வேறு ஆள் என்ற குறிப்பு கிடைத்தது. இங்கே பெயரை மாற்றிவிட்டுப் பட்டப்பெயரையும் ஊனத்தையும் தெருமுனையையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞருக்குத் தேவையான அளவு மாற்றமும், ஊர்க்காரர் கண்டுபிடிக்கத் தேவையான அளவு அடையாளமும் அதில் இருக்கின்றன. எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மாற்றுவதென்றால் முழுவதும் மாற்றுங்கள். மாற்றாமல் எடுப்பதென்றால் அந்தக் குடும்பத்தின் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டும் முடியாதென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1921 காத்திருக்கிறது. அதை எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு ஏன் இன்று வந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போடுவதற்கு முன் படித்துக் காட்ட வேண்டும் என்று பாட்டி சொல்லியிருந்தார். இன்று பிற்பகல் போய்ப் படித்துக் காட்டினேன். வெட்டியவரின் குடும்பத்தைப் பற்றிய இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அண்ணி கடனை அடைத்ததை நான் முதலில் எழுதாமல் விட்டிருந்தேன், அதைச் சேர்க்கச் சொன்னார். வட்டியோடு அடைத்தார் என்று எழுதினாயா என்று இரண்டு முறை கேட்டார். எழுதியிருக்கிறேன்.